கசக்காத நஞ்சு

அந்த இறைச்சி ருசியாக இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடங்கள் கழித்தும் என்னால் பொறுக்க முடியாமல் இருப்பது அதுதான். கசந்திருந்தால் துப்பியிருப்போம். நாறியிருந்தால் மணலில் புதைத்திருப்போம். அது வாயில் வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. நாங்கள் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கோயிலில் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசைதான் என் இடம். சில மாதங்களுக்கு முன் புதிதாக வந்த சுவாமியார் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். தீமை இல்லாவிட்டால் நன்மையை யாரும் அறிய முடியாதாம். இருட்டு இருப்பதால்தான் விளக்குக்கு மதிப்பாம். இரண்டும் கலந்திருந்தால்தான் உலகம் நிறைவாக இருக்குமாம். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. எழுந்து நின்று கேட்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் வராது. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

அப்போது தலைமன்னாருக்கு இன்னும் ரெயில் வரவில்லை. நாங்கள் மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய் என்ற கரையூரில் இருந்தோம். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் இல்லாதபடியால் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் கடலுக்குப் போகிறவர். அவருடைய மனைவியை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு மகளும், அப்போதுதான் தலை நிமிர்த்தத் தொடங்கிய ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள். குழந்தை ஆண். கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சோனகக் குடும்பம், முஸ்லிம் ஆட்கள். அந்த வீட்டுக்காரர் கருவாடு வாங்கி விற்கிறவர். அவருடைய மனைவியை நான் அவர்கள் வழக்கப்படி ராத்தா, அக்கா என்று கூப்பிட்டேன். ராத்தாவுக்கும் ஒரு கைக்குழந்தை இருந்தது, பெண். எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சில கிழமைகள் மூத்தது.

அந்த வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓயவே இல்லை. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. பனங்கிழங்கு மாவையும் முருங்கை இலையையும் வைத்து மச்சாள் நாளைக் கடத்தினாள். பால் கொடுக்கிற உடம்பு. தனக்குப் பசிக்கிறது என்று சொல்ல மாட்டாள். ஆனால் சட்டியைக் கழுவுமுன் விரலால் சுற்றி வழித்து நக்குவாள்.

காற்று கொஞ்சம் இறங்கிய ஒரு காலையில் அண்ணன் கரையோரமாக வலை போட்டுவிட்டு வந்தார். வலையில் மீன் இல்லை. ஒரு பெரிய அழுங்காமை இருந்தது. சீப்பும் பெட்டியும் செய்கிற ஓடு உள்ள ஆமை அது. ஓட்டை வாங்க மன்னாரில் ஆள் இருந்தது. இறைச்சியை நாங்கள் சாப்பிடுவோம். அயலில் எங்களைப் போன்ற நாலைந்து வேதக்கார வீடுகளுக்கும் செய்தி போய், பெண்கள் சட்டியோடு வந்துவிட்டார்கள். ராத்தாவின் புருஷன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், இண்டைக்குப் பெருநாளோ?"

"ஓம். நீங்களும் வாங்கோ. ஒரு துண்டு தாறன்."

"எங்களுக்கு அது ஹராம் எண்டு தெரிஞ்சுகொண்டு கேக்கிறீர்."

"தெரிஞ்சபடியாத்தான் கேக்கிறன். இல்லாட்டி ஏன் கேக்கிறன், பங்கு குறைஞ்சுபோகுமெல்லோ!"

அவரும் சிரித்தார். சட்டியோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள். பல நாட்களுக்குப் பிறகு எங்கள் வளவில் கேட்ட சிரிப்பு அது.

அழுங்காமை எல்லா நேரமும் நல்லதல்ல என்று எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். சில காலத்தில் அதன் இறைச்சி நஞ்சாகும். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காக ஒரு வழக்கம் இருந்தது. ஆமையை வெட்டியதும் ஈரலில் ஒரு துண்டை அரிந்து காகத்துக்குப் போடுவார்கள். காகம் தின்றால் இறைச்சி நல்லது. மூக்கால் தொட்டுவிட்டுப் போனால், எவ்வளவு பெரிய ஆமையானாலும் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். அப்படிப் புதைத்ததை நானே சிறு வயதில் பார்த்திருக்கிறேன். காகம் பொய் சொல்லாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

அண்ணன் ஈரலை அரிந்து வேலியோரம் எறிந்தார். எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். எறிந்த துண்டு மணலில் விழுமுன்னமே காகங்கள் வந்து விழுந்தன. ஒன்று கௌவ, மற்றது பறிக்க, சிறகடித்துச் சண்டை பிடித்துத் தின்றன. மணலில் இரத்தம் ஊறிய இடத்தையும் கொத்தின.

"பாத்தியளோ! இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றார் அண்ணன்.

காற்றுக் காலம் முழுவதும் கரையில் மீன் காயவில்லை, குடல் கிடக்கவில்லை, ஒரு செதில்கூட இல்லை. அந்தக் காகங்களும் எங்களைப் போலப் பட்டினி. நல்லது கெட்டது பார்க்க வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். நாங்கள் பசித்தவனை நீதவானாக வைத்துவிட்டோம். இதை அன்று ஒருவரும் நினைக்கவில்லை. எப்படி நினைப்பது? தீர்ப்பைக் கேட்டு நின்றவர்களும் பசித்தவர்கள்தானே.

மத்தியானம் சாப்பிட்டோம். மச்சாளுக்கு அண்ணன் இன்னும் இரண்டு அகப்பை போட்டார். "தின் அப்பா, நீ இரண்டு பேருக்குத் தின்னுறனி" என்றார். ஆறு வயதுச் சின்னவள் எலும்பைச் சூப்பிக்கொண்டு, "அத்தை, நாளைக்கும் ஆமை வருமோ?" என்று கேட்டாள். எனக்கு அன்று வயிற்றில் ஒரு கோளாறு இருந்தபடியால் கொஞ்சம்தான் சாப்பிட்டேன். அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். அதில் என் புத்தியும் இல்லை, புண்ணியமும் இல்லை.

பொழுது சாயும்போது என் தொண்டை எரிந்தது. மிளகாய் கூடிவிட்டது என்று நினைத்தேன். பிறகு நாக்கு தடித்தது. விடிந்தபோது அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பக்கத்து வீடுகளிலிருந்தும் அந்தச் சத்தமே கேட்டது. சின்னவள் அழுதுவிட்டு, பிறகு அழாமல் கிடந்தாள். அவளுடைய நாக்கில் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளை படிந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள். திறந்த கண் மறுபடி தானாக மூடும்.

அண்ணன் நடக்கக்கூடிய நிலைக்கு வந்ததும் ஒரு மாட்டு வண்டில் பிடித்து அவளை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மச்சாளால் எழுந்து நிற்க முடியவில்லை. அவள் பாயில் கிடந்தபடி, "மன்னாருக்குப் போனா மருந்து இருக்கு, என்னப்பா?" என்று மட்டும் கேட்டாள். வண்டில் மணலில் இறங்கிப் போன பிறகு வீட்டில் மச்சாளும் குழந்தையும் நானும்தான்.

மச்சாள் குழந்தையை நெஞ்சோடு அணைத்து, எந்த நேரமும் பால் கொடுத்தாள். தன் வாய் புண்ணாகித் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் இருந்தபோதும் கொடுத்தாள். "இவனாவது நல்லா இருக்கிறான். இவன் ஒண்டும் தின்னேல்லை. என்ர பால் இவனைக் காப்பாத்தும்" என்றாள். நானும் அப்படியே நம்பினேன். அந்த வீட்டிலேயே ஆமை இறைச்சி படாத ஒரே வாய் அதுதான்.

மறுநாள் குழந்தை அழவில்லை. பசிக்கும் அழவில்லை, ஈரத்துணிக்கும் அழவில்லை. நல்ல நித்திரை என்று மச்சாள் சொன்னாள். எழுப்பி மறுபடி பால் கொடுத்தாள். அவன் கண்ணைத் திறந்தான். திறந்த கண் தானாக மூடியது.

அந்த மூடுதலை நான் முதல் நாள் சின்னவளிடம் பார்த்திருந்தேன். குழந்தையை வாங்கி வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வாயை விரலால் திறந்து பார்த்தேன். நாக்கில் அதே வெள்ளை.

 முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எங்கிருந்து வந்தது? யார் இவனுக்கு ஊட்டியது? இந்த வாய்க்குள் போனது ஒன்றே ஒன்றுதான். அதை நினைத்ததும், யாரோ எனக்குப் பின்னால் நின்று சொன்னது போலத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆட்டுப்பாலில் நஞ்சு என்றால் நம்பலாம், கிணற்றில் நஞ்சு என்றால் நம்பலாம். தாய் தன் உடம்பிலிருந்து கொடுக்கிறதில், அதுவும் பிள்ளை பிழைக்கட்டும் என்று கொடுக்கிறதில் நஞ்சு இருக்கும் என்று நினைக்க எனக்கே கூசியது. அவள் அன்பு கூடக் கூடக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க அவன் மயங்கினான். உலகம் இப்படி ஒரு வேலை செய்யும் என்று எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

உள்ளே போய், "மச்சாள், பால் குடுக்க வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"பாலுக்குள்ள இருக்குது போல."

"என்ன இருக்குது?"

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. எழும்ப முடியாமல் கிடந்தவள் எழும்பி உட்கார்ந்தாள்.

"என்ர பால் நஞ்சோடி? பிள்ளை பெறாத விசரி, நீயோ எனக்குச் சொல்லுறாய்? தா இஞ்ச அவனை!"

"தரமாட்டன், மச்சாள்."

நான் என் வாழ்நாளில் ஒருவருக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் செம்பைத் தூக்கி எறிந்தாள். செம்பு கதவில் பட்டு உருண்ட சத்தத்தில் ராத்தா வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் ஓடி வந்தாள், தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

நான் குழந்தையின் வாயைத் திறந்து காட்டினேன். ராத்தா பார்த்தாள். பிறகு மச்சாளைப் பார்த்தாள். மச்சாளும் அந்த நாக்கைப் பார்த்துவிட்டாள். கை இரண்டையும் நெஞ்சில் வைத்து, தன் நெஞ்சையே ஒரு பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்த முகத்தை நான் சொல்லப் போவதில்லை. சொல்லவும் தெரியாது.

ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தோம். அவன் உறிஞ்சவில்லை. கடைவாயால் வழிந்தது. "இவனுக்கு முலைதான் வேணும். துணி தெரியாது இவனுக்கு" என்றாள் ராத்தா. சொல்லிவிட்டுத் தன் மகளைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். குழந்தையின் வாயில் நஞ்சு இருக்கிறது. அந்த வாய் அவள் உடம்பில் பட்டால், அங்கிருந்து அவள் மகளுக்குப் போகாதா? போகும் என்றோ போகாது என்றோ சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை.

அதற்குள் அவள் புருஷன் முற்றத்தில் வந்து நின்றார். பெண்கள் இருக்கிற இடமானபடியால் உள்ளே வரவில்லை. வெளியிலிருந்தே கேட்டார்.

"நீ என்ன செய்யப் போறாய்?"

"உங்களுக்குத் தெரியும் என்ன செய்யப் போறன் எண்டு."

"எங்கட பிள்ளையை யோசிச்சியோ?"

"யோசிச்சுத்தான் நிக்கிறன். இல்லாட்டி இவ்வளவு நேரம் நிப்பனோ?"

அவர் முற்றத்து மணலைக் காலால் கிளறினார். பிறகு, "நாலஞ்சு தரம் வயிறு நிறையக் குடிச்சானெண்டா எங்கட மார்க்கத்தில அவன் எங்கட மகன். பிறகு எங்கட மகளை அவனுக்குக் கட்டி வைக்கேலாது, தெரியுமோ?" என்றார்.

"வேதக்காரப் பொடியனுக்கு மகளைக் கட்டி வைக்கவோ நீங்கள் காத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

மச்சாள் சிரித்தாள். புண்ணான வாயால், அழுதுகொண்டே சிரித்தாள். அவரும் வெளியே தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப பிஸ்மி சொல்லிக் குடு" என்று சொல்லிவிட்டு வேலிப் பக்கம் போனார்.

ராத்தா நிலத்தில் உட்கார்ந்து தன் மகளை என் மடியில் போட்டாள். "கேட்டுக்கொள் பிள்ளை, நீதான் சாட்சி. வலது என்ர மகளுக்கு. இடது இவனுக்கு. நான் நித்திரை மயக்கத்தில மாத்தினாலும் நீ மாத்த விடக்கூடாது" என்றாள். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி அவனை இடது பக்கம் வைத்தாள். அவன் முதலில் வாயே திறக்கவில்லை. அவள் பாலைப் பீய்ச்சி உதட்டில் விட்டாள். துடைத்து மறுபடி விட்டாள். வெகு நேரத்துக்குப் பிறகு தாடை ஒருதரம் அசைந்தது.

அன்று தொடங்கி நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் காவல் இருந்தேன். ஒவ்வொரு முறையும் ராத்தா இடது பக்கத்தை உப்புத் தண்ணீரால் கழுவினாள். மகளுக்குக் கொடுக்குமுன் ராத்தாவின் முகத்தைப் பார்ப்பேன். அவள் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருக்கும். தன் பிள்ளை கொட்டாவி விட்டால்கூட உடனே வாயைத் திறந்து நாக்கைப் பார்ப்பாள். சிவப்பாக இருக்கும். "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள். நான் என் பங்குக்குச் செபமாலையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் மன்னாரிலிருந்து திரும்பி வந்தார். வண்டிலில் ஒரு பாய் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா வயிற்றைக் கழுவிப் பார்த்தாராம். இதற்கென்று ஒரு மருந்து வெள்ளைக்காரனிடமும் இல்லை என்று சொன்னாராம். சின்னவள் நித்திரையிலேயே போனாளாம். நோவு இல்லாமல் போனாள் என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்து வீடுகளிலும் சாவு விழுந்திருந்தது. ஊரே கோயிலடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து, குழந்தை ஒரு காலையில் உரத்து அழுதான். பசித்து அழுதான். மச்சாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு முற்றத்தில் மண்டியிட்டாள். அவன் பிழைத்துவிட்டான் என்று எங்களுக்குத் தெரிந்தது.

செய்தி கேட்டு உபதேசியார் வந்தார். சுவாமியார் மாதத்துக்கு ஒருதரம்தான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்லிக் கொடுக்கிறவர் இவர்தான். நல்ல மனுஷன். எங்கள் வீட்டுச் சாவுக்கு அவர் அழுததை நான் பார்த்தேன். கதிரையில் உட்கார்ந்து, ராத்தா இடது பக்கம் முந்தானைக்குள் எங்கள் பிள்ளையை மூடி வைத்திருப்பதைப் பார்த்து, கண் கலங்கினார்.

"பாத்தியளோ, ஆண்டவற்ற வேலையை? தீமையை அவர் விடுறது, அதுக்குள்ள இருந்து ஒரு நன்மையை எடுக்கத்தான். அந்த ஆமை வராட்டி, ஒரு சோனகத் தாய் ஒரு வேதக்காரப் பிள்ளைக்குப் பால் குடுக்கிறதை இந்த ஊர் கண்டிருக்குமோ? கெட்டது வந்தபடியால்தானே இந்த நல்லது வந்தது."

அண்ணன் தலையாட்டினார். பாவம், அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. ஈரலை எறிந்தது அவர் கை.

மச்சாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "காணாமலே இருந்திருக்கலாம், உபதேசியார். என்ர மகள் இருந்திருப்பாள்."

உபதேசியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராத்தா தலை நிமிராமல் முந்தினாள்.

"நான் பால் குடுக்கிறதுக்கு அந்தப் பிள்ளை மவுத்தாகத் தேவையில்லை, ஐயா. இந்த அக்கா ஒரு நாள் எனக்குச் சுகமில்லை, இவனைக் கொஞ்சம் பாத்துக்கொள் எண்டு சொல்லியிருந்தா, சும்மாவே குடுத்திருப்பன்."

 குழந்தை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. உபதேசியார் தன் தொப்பியைக் கையில் எடுத்துத் தூசி தட்டினார். தூசி இருக்கவில்லை.

நான் இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டபடிதான் இருக்கிறேன். சும்மாவே குடுத்திருப்பன். சுவாமியார் சொன்ன விளக்குக்கு இருட்டு வேண்டியிருக்கலாம். ராத்தாவுக்கு வேண்டியிருக்கவில்லை. அவளிடம் இருந்தது முன்பே இருந்தது. ஆமைக்கு முந்தின நாளும் அவள் வேலிப் பொட்டால் எங்களுக்குத் தேங்காய்ப் பாதி நீட்டினவள்தான். கெட்டது வந்து அதை உண்டாக்கவில்லை. அதைச் சாவுக்குள் நிற்க வைத்துச் சோதித்தது, அவ்வளவுதான். ஆனால் இது முழு விடை என்றும் எனக்குச் சொல்ல ஏலாது. நஞ்சும் ருசியும் ஒரே துண்டில் ஏன் இருந்தது, பாசமும் சாவும் ஒரே முலையில் ஏன் வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தேவை என்று சொல்லி முடித்துவிட மட்டும் என் வாய் வரவில்லை.

மச்சாளுக்குப் பால் கட்டியது. குழந்தை அழும் சத்தம் கேட்டால் சட்டை நனையும். நஞ்சுப்பால் என்று, அவள் காலையும் மாலையும் வடலிப் பனைகளுக்குப் பின்னால் போய் மணலில் குழி தோண்டிப் பீய்ச்சி மூடுவாள். கோழி கிளறாதபடி மேலே கல் வைப்பாள். அவளுடைய வாய்ப்புண் ஆறிவிட்டது. நடந்தாள், சமைத்தாள். பால் எப்போது சுத்தமாகும்? அப்போதிக்கரி ஐயாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். தனக்குத் தெரியாது என்றே சொல்லி அனுப்பினார். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. மிஞ்சிய பிள்ளையை ஒருதரம் தன் மடியில் வைத்துப் பால் கொடுக்க வேண்டும். அதை மட்டும்தான் ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

ஒரு பின்னேரம் அண்ணன் சாரத்துக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். கண் திறந்து சில நாட்களேயான ஒரு நாய்க்குட்டி. கரையில் வள்ளத்துக்குக் கீழே குட்டி போட்டிருந்த நாயிடமிருந்து எடுத்துவந்திருந்தார்.

"இதுக்கு ரெண்டு நாள் உன்ர பாலைக் குடுத்துப் பாப்பம். இதுக்கு ஒண்டும் ஆகாட்டி, மகனுக்குக் குடுக்கலாம்."

அது சரியான யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். வேறு வழி இருக்கவில்லை. மச்சாள் குட்டியைக் கையில் வாங்கினாள். அது அவள் உள்ளங்கைக்குள் மூக்கை வைத்துத் தேடியது. சட்டையில் பால் மணம். அவள் சட்டை ஊசியைக் கழற்றக் கை வைத்தாள். அப்போது தாய் நாய் வேலி வாசல் படலையடிக்கு வந்துவிட்டது. மணலில் முலை உரச ஓடி வந்திருந்தது. குரைக்கவில்லை. உள்ளே வரவும் பயந்து, படலைக்குக் கீழே தலையை நுழைத்து, மச்சாளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

மச்சாளின் கை ஊசியிலேயே நின்றது.

"குடன் அப்பா. நாய்க்குட்டிதானே" என்றார் அண்ணன்.

"இல்லையப்பா."

"அப்ப எப்பிடி அறியிறது?"

"அறிய வேண்டாம்."

அவள் படலையைத் திறந்து, குட்டியைத் தாயின் வாய்க்கு நேரே மணலில் வைத்தாள். நாய் அதைக் கழுத்தில் கௌவிக்கொண்டு கரைப் பக்கம் போயிற்று. மச்சாள் உள்ளே போய் மல்லிகைப் பூவை அரைத்து நெஞ்சில் பற்றுப்போட்டு, பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டச் சொன்னாள். பால் வற்றுவதற்கு எங்கள் பெண்கள் செய்வது அது. நான்தான் கட்டினேன். இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்றாள்.

பால் வற்றிவிட்டது. பிறகு அவளுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அவன் பல் முளைத்து ஓடித் திரியும் வரைக்கும் ராத்தாவிடம்தான் குடித்தான். அவன் குடிக்கிற நேரங்களில் மச்சாளும் வேலிப் பொட்டால் அங்கே போய் ராத்தாவுக்குப் பக்கத்தில் இருப்பாள். குடித்து முடிக்கும் வரைக்கும் அவனுடைய பாதத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருப்பாள்.